கற்பூரக் கரி

மான்செஸ்டர்
11 நவம்பர் 1956

அன்புள்ள பூங்காவனம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் என்னை முறைத்துப் பார்ப்பதில்லை. குளிரில் எல்லாரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். சோறு கிடைக்கிறது, சோறு மாதிரி இல்லை.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். கரி பார்க்கிறேன். சிரிக்காதே. ரப்பர் ஆராய்ச்சி படித்துவிட்டு வா என்று மலாயாவிலிருந்து அனுப்பப்பட்டவன் தினமும் விளக்குக் கரியைத்தான் பார்க்கிறான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை வண்டிக்கு ரப்பர் சக்கரம் போடுகிறார்கள். அது உருள உருள உராய்ந்து நிலைமின்சாரம் சேர்கிறது. ஒரு பொறி பறந்தால் போதும், அங்கே இருக்கும் ஈதர் மருந்து தீப்பிடித்துவிடும். ரப்பரில் கரியைக் கலந்தால் அந்த மின்சாரம் கரி வழியாகத் தரைக்கு ஓடிவிடும். எந்தக் கரி எவ்வளவு வேகமாக விடுகிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு.

அளப்பதும் பெரிய வித்தை இல்லை. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் கம்பியில் இரண்டு தங்க இலைகள் தொங்குகின்றன, ஊதினால் கிழிந்துவிடும். மின்சாரம் ஏற்றினால் இரண்டும் சண்டை போட்டவர்கள் மாதிரி விலகி நிற்கும். அந்தக் கம்பிக்கும் தரைக்கும் நடுவே கரியைப் பாலமாக வைத்தால், மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும், இலைகள் தொப்பென்று சேர்ந்துவிடும். எத்தனை நொடியில் என்று எண்ணி எழுதுகிறேன்.

போன வாரம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒன்று பார்த்தேன். இரும்புத் தகட்டில் படிந்த கரியில் மட்டும், பொடிக்கு நடுவே நூல் நூலாக ஏதோ கிடந்தது. நம் ஊர் கங்கோங் கீரைத் தண்டை வெட்டினால் நடுவில் ஓட்டை இருக்குமே, அப்படி ஓட்டையுள்ள நூல். ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒன்று அவ்வளவு இருக்கும். ஓட்டையுள்ள எதில் மின்சாரம் ஏற்றினாலும் அது வெளிப்பக்கம்தான் நிற்கும், உள்ளே இராது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இவ்வளவு மெல்லிய குழாயிலும் அப்படித்தானா என்று எனக்கு ஒரு அரிப்பு. கூட வேலை செய்பவர்கள் அது வெறும் அழுக்கு என்கிறார்கள். இங்கே கிடைக்கும் கரியில் கந்தகம் கலந்திருக்கிறது, அதனால் அவர்களை மறுக்கவும் முடியவில்லை.

அதனால் உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். நல்ல கற்பூரம் வாங்கி ஏற்று. உன் அப்பா வைத்திருந்த இரும்புத் தோசைக்கல்லை அந்தச் சுடர்மேல் பிடி. படியும் கரியைக் கோழி இறகால் வழித்து, வெயிலில் காய்ந்த புட்டியில் போட்டு அனுப்பு. கைபடக் கூடாது. கற்பூரத்தைப்போல் சுத்தமாக எரிகிற பொருள் இந்த ஊரில் இல்லை.

அடுத்த ஆகஸ்டில் என் படிப்பு முடிகிறது. சுதந்திரம் வருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். உன் அம்மாவிடம் சொல்.

ராஜரத்தினம்


காஜா பெராங், மலாக்கா
2 டிசம்பர் 1956

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஊரில் பெண்களுக்கு வெளிநாட்டிலிருந்து கம்பளி வரும், செண்ட் வரும். எனக்குக் கரி கேட்டுக் கடிதம் வருகிறது. இதை யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது?

பெண்டஹாரா சாலையில் சேதுராமன் கடையில் நாலு டின் கற்பூரம் கேட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "என்னாம்மா, மாரியம்மன் கோயில மொத்தமா காண்ட்ராக்ட் எடுத்துட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்து என்ன கேட்பாரோ என்று சில்லறையைக்கூட எண்ணாமல் வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்தேன். தமிழ்ப் பள்ளியில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்த டீச்சர், வீட்டில் புகைக்கு நடுவே கண் கலங்கி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அம்மா சுவரைப் பார்த்தார், தோசைக்கல்லைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். "ஹித்தாம் செமுவா" என்றார். எல்லாம் கறுப்பு என்று எனக்கே தெரிகிறது. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்தபின் கேட்பானேன்?

உங்கள் கடிதம் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. எங்கள் செட்டித் தெருவில் மலாய்தான் பேச்சு, பாதிப் பேருக்குத் தமிழ் பேச வராது, அம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அப்பா பிடிவாதமாக என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியது இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. நான் என்ன எழுதினாலும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படியும் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, பாருங்கள்.

கரி நன்றாக வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மை கூட்டுகிற கைதானே, சொல்லித்தரவா வேண்டும்? இரண்டு புட்டி. கைபடவில்லை, சத்தியம். சூயஸ் கால்வாயில் சண்டை என்பதால் பார்சல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போகுமாம், தபாலாபீசில் சொன்னார்கள். எனக்கு முன்னால் என் கரி சீமையைப் பார்க்கப் போகிறது.

ஆகஸ்ட் என்று அம்மாவிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். ஒன்பது மாதமா என்று கேட்டார். ஒன்பதுதான் என்றேன். நான் அதற்கு முன்பே எண்ணிவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பூங்காவனம்


மான்செஸ்டர்
6 ஏப்ரல் 1957

அன்புள்ள பூங்காவனம்,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

உன் புட்டிகள் பிப்ரவரி கடைசியில் வந்தன. திறந்ததும் வழக்கமான கரி இல்லை என்று தெரிந்தது. லேசான பளபளப்பு இருந்தது. கொட்டினால் பறக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் அந்த ஓட்டை நூல்களும் இருந்தன, இங்கே பார்த்ததைவிட அதிகமாக. பிறகு பாலமாக வைத்துத் தங்க இலைகளுக்கு மின்சாரம் ஏற்றினேன். இங்கத்திய கரியில் இரண்டு நொடியில் இலைகள் விழும். உன் கரியில் விழவே இல்லை. கால் மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன், இலைகள் அப்படியே விரிந்து நின்றன.

குடுவையை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். பதினேழு தடவை செய்துவிட்டேன், பதினேழு தடவையும் அதேதான். மின்சாரத்தை வாங்கிக்கொண்டு விடமாட்டேன் என்கிற கரியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. முதலில் நுழைகிற மின்சாரம் எங்கே போய் உட்கார்ந்துகொண்டு மற்றதை வழிமறிக்கிறது? அந்த ஓட்டைக்குள்தான் என்று நான் சொன்னேன். பாடப்புத்தகத்துக்கு எதிரான பேச்சு. பேராசிரியர் முதலில் சிரித்தார், பிறகு தானே செய்து பார்த்தார், பிறகு சிரிக்கவில்லை. வியாழக்கிழமை நாற்பது பேர் முன்னால் நின்று பேசினேன். கிளேபாங்கில் கடலைப் பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்கியவனுக்கு எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இன்னும் ஒரு வருடம் இருந்து இதை முடிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனால் நீ இங்கே இருந்து அந்த இலைகளைப் பார்த்திருந்தால் நீயும் இரு என்றுதான் சொல்லியிருப்பாய். 58 ஆகஸ்டில் நிச்சயம் வருகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

உன் கை பட்ட பொருள் என்பதால்தான் அது மின்சாரத்தை விடமாட்டேன் என்கிறதோ என்று ஒரு சாயங்காலம் தனியாக நினைத்துச் சிரித்தேன். கை படவில்லை என்று சத்தியம் செய்திருந்தாய், நினைவிருக்கிறது.

ராஜரத்தினம்


காஜா பெராங்
19 மே 1957

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூட வேலை என்று எழுத நினைத்தேன். அது பொய்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுதேன், ஒரு வருடம் என்று போட்டிருந்ததற்காக. நாற்பது பேர் கை தட்டியதைப் படித்து அப்புறம் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது தடவை படிக்கும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பளபளப்பு, பறக்காமல் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் வீட்டில் மை கூட்டும்போது கோழி இறகை ஆமணக்கெண்ணெயில் தொட்டுத்தான் வழிப்போம். தொடாவிட்டால் கரி பறந்து கண்ணில் விழும். அம்மா அப்படித்தான் செய்வார், நானும் அப்படித்தான் பழகினேன். இறகால் வழித்து அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். இறகு என்றால் எனக்கு எண்ணெய் தொட்ட இறகுதான். எண்ணெய் வேண்டாம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றும்? ஒவ்வொரு தடவையும் தொட்டேன். இரண்டு புட்டியிலும்.

எண்ணெய் மின்சாரத்தை விடாது என்று பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டது தப்பு என்று ஆனால் அந்த ஒரு வருடம் தேவைப்படாது, ஆகஸ்டிலேயே வந்துவிடுவீர்கள். இதைச் சொல்வதில் எனக்கு லாபம் இருக்கிறது. லாபம் இருக்கிறவள் சொன்னால் யார் நம்புவார்கள்? பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள் பெரிய ஆளாகிவிடுவீர்கள், நான் ஒரு வருடம் காத்திருந்தால் போயிற்று. ஆனால் அடுத்த கூட்டத்தில் நானூறு பேர் முன்னால் நிற்பீர்கள். அவர்களில் ஒருவர் என்றாவது ஒருநாள் அந்தக் கரியைக் கழுவிப் பார்ப்பார்.

அதனால் சொல்கிறேன். நீங்கள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. தினமும் இருக்கிறது. பெண்டஹாரா சாலையில் உங்களைப்போல் தோளைச் சாய்த்து நடக்கிற ஒருவரின் பின்னாலேயே போய், சேதுராமன் கடை தாண்டித்தான் வேறு ஆள் என்று திரும்பினேன். அவ்வளவு ஆசை. ஆனால் நான் எழுதியது அதற்காக இல்லை. நம்புங்கள்.

பூங்காவனம்


மான்செஸ்டர்
2 ஜூன் 1957

பூங்காவனம்,

எண்ணெயா?

பதினேழு தடவை அளந்திருக்கிறேன். முப்பது வருடமாக மின்சாரம் படித்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அவர் கண்ணில் படாத எண்ணெய், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் உன் கண்ணில் பட்டுவிட்டது. அதுவும் நான் ஒரு வருடம் தங்கப்போகிறேன் என்று எழுதிய பிறகு.

நீயே எழுதியிருக்கிறாய், இதில் உனக்கு லாபம் இருக்கிறது என்று. நீயே சொல்லிவிட்டதால் நான் சொல்லவேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது ஒரு சிட்டிகை. பேராசிரியர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஊரில் ஒரு பெண் இறகை எண்ணெயில் தொட்டாளாம், அதைக் கொஞ்சம் கழுவிப் பார்க்கலாமா என்று நான் அவரிடம் போய்க் கேட்க வேண்டுமா? என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என்னை மனிதன் என்று மதித்து எழுந்து நின்றார்கள். அது உனக்குப் பொறுக்கவில்லையா?

வரச்சொல்ல வேண்டுமென்றால் வா என்று எழுது. இப்படிச் சுற்றிவளைக்காதே.

ராஜரத்தினம்


காஜா பெராங்
2 செப்டம்பர் 1957

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று மாதம் பேனாவைத் தொடவில்லை. தொட்டால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

சனிக்கிழமை சுதந்திரம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கடற்கரைத் திடலுக்குப் போனோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொடி. மெர்டேக்கா என்று கத்தச் சொன்னார்கள், எல்லாரும் கத்தினோம், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆகஸ்டில் நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள் என்று ஒன்பது மாதம் நினைத்திருந்த இடத்தில் தலைமையாசிரியரின் மனைவி நின்றார். நல்ல மனுஷி. குடை கொடுத்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதோடு இரண்டு புட்டி அனுப்புகிறேன். அதே கடைக் கற்பூரம், அதே தோசைக்கல். ஒன்று எண்ணெய் தொட்ட இறகால் வழித்தது, மற்றது உலர்ந்த இறகால் வழித்தது. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல். எது எண்ணெய் என்று சொல்லமாட்டேன். சொன்னால், நான் சொன்னதால் அப்படித் தெரிகிறது என்பீர்கள். பளபளப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. உலர்ந்த கரியையும் கொஞ்சம் அழுத்தி அடைத்திருக்கிறேன்.

கூடவே ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. எது எது என்று அதற்குள் எழுதியிருக்கிறேன். இரண்டையும் அளந்து, நாள் போட்டு எழுதிவைத்துவிட்டு உறையைத் திறங்கள். முன்னாலேயே திறந்தால் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

வா என்று எழுதச் சொன்னீர்கள். எழுதமாட்டேன். சீக்கிரம் அளந்தால் நல்லது. அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டாம்.

பூங்காவனம்


மான்செஸ்டர்
3 நவம்பர் 1957

அன்புள்ள பூங்காவனம்,

பார்சல் அக்டோபர் பத்தாம் தேதியே வந்தது. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். கட்டுரை தயாராகிறது, படங்கள் வரைய வேண்டியிருக்கிறது, தங்க இலைக் குடுவையை வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கட்டாயம் அளக்கிறேன்.

ஜூனில் எழுதியதில் சில வார்த்தைகள் அதிகம். அதை நான் உணராமல் இல்லை.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ராஜரத்தினம்


காஜா பெராங்
22 டிசம்பர் 1957

அன்புள்ள உங்களுக்கு,

அளந்தீர்களா?

பூங்காவனம்


மான்செஸ்டர்
18 ஜனவரி 1958, சனிக்கிழமை

அன்புள்ள பூங்கா,

குடுவையை யாரும் எடுத்துப் போகவில்லை. அது என் மேசைமேல்தான் இருந்தது. உன் புட்டிகள் மேசை இழுப்பறையில் இருந்தன, கையெட்டும் தூரத்தில், மூன்று மாதமாக. அந்த இழுப்பறையைத் திறக்காமலிருக்க பென்சில், ரப்பர் எல்லாவற்றையும் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றிவைத்தேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உன் ஒற்றை வரிக் கடிதம் வந்த நாளிலிருந்து சட்டைப்பையில் இருக்கிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

நேற்று கட்டுரையை டைப் அடித்து என் முன்னால் வைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பேனாவை எடுத்தேன், வைத்தேன். பேராசிரியர் என்ன என்றார். ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்றேன்.

இன்று காலை அளந்தேன். யாரும் இல்லை. முதலில் வெள்ளை நூல். மின்சாரம் ஏற்றினேன். இலைகள் விரிந்து நின்றன. கால் மணி நேரம், அரை மணி நேரம், அப்படியே. ஒரு கணம் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டேன், பாவி. பிறகு சிவப்பு நூல். ஏற்றினேன். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் விழுந்துவிட்டன. பத்துத் தடவை செய்தேன். பத்துத் தடவையும் விழுந்தன. அந்த ஓட்டை நூல்கள் இரண்டு புட்டியிலும் இருக்கின்றன. ஓட்டைக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளவில்லை. எல்லாம் வெளியேதான் இருந்தது.

நாள் போட்டு எழுதிவிட்டேன். வெள்ளைதான் எண்ணெய். நீ சொன்னது நிஜம், நான் சொன்னது தப்பு. உறையை இன்னும் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.


(உறைக்குள் இருந்தது)

காஜா பெராங்
2 செப்டம்பர் 1957

அன்புள்ள உங்களுக்கு,

வெள்ளை நூல் எண்ணெய். சிவப்பு நூல் உலர்ந்தது. இதைப் படிக்கிறீர்கள் என்றால் அளந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நான் உங்களை ஏமாற்றவில்லை என்பது இனி உங்களுக்கே தெரியும். இனிச் சொல்வதை நம்புவீர்கள் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன். வெளியே எழுதியிருந்தால் இதுவும் உங்களை வரவழைக்கிற தந்திரம் என்று நினைத்திருப்பீர்கள்.

தெங்கேராவிலிருந்து தியாகு என்று ஒருவர் வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் வேலை, எங்கள் செட்டி ஆட்கள்தான். அம்மாவுக்கு மறுக்கக் காரணம் இல்லை. ஆகஸ்டில் வருகிறேன் என்றவர் வரவில்லையே என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? போகி வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன். போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு, அன்றைக்கே பதில் சொல்வதாக அம்மா அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வரவேண்டாம். அந்த ஓட்டை நூலை விடாதீர்கள், நல்ல கரியை வைத்து முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகட்டும். எனக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கத் தெரியும். நம்பாத ஒருவருக்காக இருக்கத்தான் தெரியவில்லை. திறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போகிக்கு முன்னால் வந்தால், தியாகு வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கப்பலில் போய்ச் சேர ஒரு மாதம் என்றாலும் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அளக்க ஒரு காலைப்பொழுது போதாதா?

உங்கள்
பூங்காவனம்


மான்செஸ்டர்
அதே நாள், பிற்பகல்

பூங்கா,

போகி திங்கட்கிழமையே போய்விட்டது. ஐந்து நாள்.

தபாலாபீசுக்கு ஓடிப்போய்த் தந்தி கொடுத்துவிட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்ததால் அந்த ஆள் இது என்ன ரகசிய பாஷையா என்று கேட்டார். இந்தக் கடிதத்தை விமானத் தபாலில் போடுகிறேன். பேராசிரியரிடம் இப்போதே போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். என்ன சொன்னாலும் சொல்லட்டும். அடுத்த கப்பலில் இடம் கிடைத்தால் ஏறிவிடுவேன். அம்மா ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கமாட்டாரா? யாருக்காவது காய்ச்சல் வந்திருக்காதா?

ராஜா


காஜா பெராங்
29 ஜனவரி 1958

திரு. ராஜரத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். தந்தி இருபதாம் தேதி வந்தது. கடிதம் நேற்று கிடைத்தது.

யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. போகியன்று அம்மா வழக்கம்போல் ஏழு இலை போட்டார். அப்பாவின் இலையில் அவருக்குப் பிடித்த மீன் சம்பல் வைத்தார். படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். அப்போது அம்மா கேட்டார், "எப்படிச் சொல்லட்டும்?" அன்று தபால் வந்து போயிருந்தது. சரி என்று சொல்லுங்கள் என்றேன். பொங்கலுக்கு மறுநாள் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். மாசியில் கல்யாணம்.

கப்பல் ஏறாதீர்கள். கொடுத்த வாக்கை நான் மாற்றுவதாக இல்லை. தியாகு நல்லவர். உங்கள் கடிதங்களைப் பற்றி நானே அவரிடம் சொன்னேன். அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உன்னிடமே இருக்கட்டும் என்றார். அப்படிச் சொல்கிறவருக்கு நான் துரோகம் செய்யமுடியாது.

உங்கள்மேல் கோபம் இல்லை. இருந்தது, தீர்ந்துவிட்டது. மேசை இழுப்பறையைத் திறக்க நீங்கள் பயந்தீர்கள். உண்மையைச் சொல்ல நானும் ஒரு மாதம் பயந்தவள்தான். பயந்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் தபால்காரர் சைக்கிளை நிறுத்துகிற சத்தத்துக்கு நான் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும். பிள்ளைகளுக்கே அது பழகிப்போய், "டீச்சர், ஒண்ணும் இல்ல" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பேராசிரியரிடம் இதற்குள் சொல்லியிருப்பீர்கள், நல்லது. அந்த நூலை விடாதீர்கள். நல்ல கற்பூரம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும், சேதுராமனுக்கே எழுதிக் கேளுங்கள். உலர்ந்த இறகு என்று மறக்காமல் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதக்கூடாது என்று இரண்டு நாளாக இருந்தேன். இந்தக் கடிதத்துக்குப் பிறகு எழுதப்போவதில்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

தந்தி வந்தபோது நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திறந்தேன், நம்பினேன், காத்திரு என்று மூன்று வார்த்தை. ஆங்கில எழுத்தில் தமிழ் என்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததும் ஈரத்துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன். அடுக்களை வாசலுக்குப் போன பிறகுதான் வெற்றிலை மாற்றியது ஞாபகம் வந்தது.

பூங்காவனம்